கீழ்ப்பாலத்தில் நனைந்த துணி

இன்றைக்குத் திருப்பூரில் ரிங் ரோடு, சப்வே, மேம்பாலம் என்று சர்வ சாதாரணமாகப் பேசுகிறோம். கொஞ்சம் நெரிசலானால் முகத்தைச் சுளிக்கிறோம். நானும் சுளிப்பவள்தான். ஆனால் ரயில் பாதைக்கு அடியில் போகும்போது மட்டும் என் வாய் தானாக மூடிக்கொள்ளும், கை தானாகக் கும்பிடும். கூட வருகிறவர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. நான் பிறந்த வீடு வேலம்பாளையத்தில், ரயில் பாதைக்கு வடக்கே. ஆஸ்பத்திரியும் நொய்யல் கரைச் சலவைப் பட்டறைகளும் தெற்கே. தெற்கே போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ரயில்வே கேட். அது திறந்திருந்தால் அன்றைக்கு யார் முகத்தில் விழித்தோமோ என்று சந்தோஷப்படுவோம். இன்னொன்று ஊருக்கு வெளியே வளைந்து, எங்கோ தள்ளிப் போய்த் தண்டவாளத்தைத் தாண்டும் மண்பாதை. அதைச் சுத்து ரோடு என்போம். உயரமாகப் பாரம் ஏற்றிய வண்டிகள் அந்த வழியாகப் போகும். மாடுகளுக்கு நுரை தள்ளிவிடும்.

என் முதல் பிரசவத்துக்கு அம்மா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்தது. அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை அழவில்லை. ஆண் குழந்தை. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வராது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் செய்த காரியம், உத்தரத்தில் தூளி கட்டுவதற்காக அடித்து வைத்திருந்த இரும்புக் கொக்கியைக் கழற்றச் சொன்னதுதான். என் வீட்டுக்காரர் ஏறிக் கழற்றினார். சுத்து ரோட்டில் போயிருந்தால் புள்ளை பிழைத்திருக்கும் என்று அம்மா வாயைத் திறந்து சொன்னதில்லை. ஆனால் வண்டி ஏறும்போதெல்லாம் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்ப்பாள்.

நான் மறுபடி உண்டானபோது ரயில் பாதைக்கு அடியில் சுரங்கம் தோண்டி வழி விட்டிருந்தார்கள். நாங்கள் அதைக் கீழ்ப்பாலம் என்றோம். ஒரு வண்டி போகும் அகலம்தான். இந்தப் பக்கம் வண்டி நுழைந்தால் அந்தப் பக்கத்து வண்டி வாயிலில் நிற்க வேண்டும். "வண்டி வருதுங்கோ" என்று கத்திக்கொண்டேதான் இறங்குவார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. தலைக்கு மேல் ரயில் போகும்போது எஞ்சினிலிருந்து கரித்தண்ணீர் சொட்டும், பெட்டிகளிலிருந்து சொட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புதுச் சட்டை போட்டவர்கள் சத்தத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் நுழைவார்கள். எனக்கு மட்டும் அந்தச் சுரங்கம் அவ்வளவு பிடித்திருந்தது. மூடவும் திறக்கவும் அதற்குக் கதவு இல்லையே. பனியன் கம்பெனியில் துணி மடிக்கும் வேலைக்கு ஏழாம் மாதம் வரை போனேன். தெற்கே சந்தைக்குப் போகிற சாக்கில் அதற்குள் நடந்து பார்த்துக்கொள்வேன்.

அம்மா இந்தத் தடவை எதையும் தயார் செய்யவில்லை. பிறக்கும் குழந்தைக்குப் புதுத் துணி போடுவது எங்களில் வழக்கமில்லை. வீட்டு வேட்டி, சேலையைத் துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய துணியில்தான் சுற்றுவோம். முதல் தடவை அப்பாவின் பழைய வேட்டிகளையெல்லாம் கிழித்து அடுக்கி வைத்திருந்தாள். இந்தத் தடவை அவற்றை எங்கே வைத்தாள் என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்குத் தைரியமில்லை.

வலி எடுத்தது மத்தியானம், ஒரு மழை கொட்டி ஓய்ந்த பிறகு. வீட்டுக்காரர் ஊரின் மறுகோடியில் வேறொரு கம்பெனியில் இருந்தார். குதிரை வண்டி வந்ததும் அம்மா வண்டிக்காரரிடம், "சுத்து ரோட்டுலயே போயிருங்க சாமி" என்றாள்.

"கீழ்ப்பாலத்துல போங்க" என்றேன் நான்.

"சொன்னாக் கேளு கண்ணு."

"சுத்து ரோட்டுல போனா நான் வண்டியிலயே பெத்துப் போடுவன். பாத்துக்கோ."

என் குணம் அப்படி. அம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி கீழ்ப்பாலத்துச் சரிவுக்கு வந்தது. வந்து, நின்றது.

சுரங்கத்துக்குள் ஒரு பாரவண்டி சிக்கியிருந்தது. என் கம்பெனிக்குத் துணி ஏற்றி வரும் வண்டிதான். அந்த வண்டிக்காரர் ஊரிலேயே கவனமானவர் என்று பேர் வாங்கியவர். பாலத்தின் உயரத்தை அளந்து, ஒரு மூங்கில் கோலில் வெட்டு போட்டு, வண்டியிலேயே கட்டி வைத்திருப்பார். பாரம் ஏற்றியதும் கோலை நிறுத்திப் பார்க்காமல் கிளம்ப மாட்டார். இரண்டு நாள் முன்னாலும் வெளுக்காத துணியை ஏற்றி, அளந்து, சலவைப் பட்டறைக்குக் கொண்டு போயிருக்கிறார். அன்றைக்கு மழை விட்டதும் ஏற்றி வந்தது அதே துணி, அதே மூட்டைகள். போகும்போது நுழைந்தது வரும்போது நுழையாதா என்று கோலைத் தொடவே இல்லை. வெளுத்து வெயிலில் காய்ந்த பின்னல் துணி பொதுபொதுவென்று ஊதிக்கொள்ளும். கயிற்றுத் தடம் விழக்கூடாது என்று பட்டறைக்காரர்கள் தளர்த்தித்தான் கட்டுவார்கள். அத்தனை வருஷம் துணி சுமந்தவர் இதை மறந்துவிட்டார். சுரங்கத்தின் நட்டநடுவில் மேல் மூட்டைகள் கூரையில் போய் அடைத்துக்கொண்டன. மாடுகள் இழுக்க இழுக்க இன்னும் இறுகியது.

பக்கவாட்டில் ஒடுங்கி நடக்கலாம் என்றால், சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒல்லிக்குச்சி உடம்பு மட்டும்தான் போக முடியும். என் வயிறு இருந்த இருப்புக்கு அதைப் பேசவே வேண்டாம். கீழே மழைத் தண்ணீர் தேங்கிச் சேறாகக் கிடந்தது. மேலே கேட்டைப் பார்த்துவிட்டு ஓடி வந்த ஒருவர், "கேட்டுச் சாத்தியிருக்குதுங்க, கூட்ஸ் நிக்குது" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "மறுக்காவுமா" என்று மட்டும் முனகினாள். நான் அந்த வண்டிக்காரரை வண்டியிலிருந்தபடியே என் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவருடைய கோலை அடுப்பில் வைக்கச் சொன்னேன். அதற்காக இன்று வரை நான் வருத்தப்பட்டதில்லை. அந்த வலியில் வேறு யாராக இருந்தாலும் அதைவிட மோசமாகத்தான் பேசியிருப்பார்கள். அவர் மாடுகளின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

என் கம்பெனி பாதைக்கு இந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. துணி வராமல் வேலையின்றி உட்கார்ந்திருந்த பெண்கள் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தார்கள். எங்களுக்குத் துணி பிரித்துக் கொடுக்கும் அக்கா முன்னால் வந்தாள். பருத்த உடம்பு, எட்டூருக்குக் கேட்கும் குரல். வண்டிக்குள் எட்டிப் பார்த்தவள் என் முகத்தைக் கண்டதும் நின்றுவிட்டாள். என் முதல் குழந்தைக்கு என்ன ஆனதென்று அவளுக்குத் தெரியும்.

"மூட்டையத் தள்ளி உடுங்க" என்றார் குதிரை வண்டிக்காரர்.

"முடிச்சு அடியில மாட்டிக்கிச்சுங்க. தள்ளுனா அத்தனையும் சேத்துல போயிருமுங்க" என்றார் பாரவண்டிக்காரர், அழாத குறையாக.

அக்கா இரண்டு பேரையும் கண்டுகொள்ளவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் நுகத்தடிப் பக்கம் ஏறினாள். மேல் மூட்டையின் வாயில் விரலை விட்டுத் துணியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். பனியன் துணி குழாய் போல் வரும், நீளமாக, வெட்டில்லாமல். நுனி கிடைத்துவிட்டால் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும்.

"வாங்கடி, தோள்ல வாங்கிக்குங்க. கீழ உட்டா இடுப்ப ஒடிச்சுப் போடுவன்."

அவர்கள் வரிசையாக நின்றார்கள். சுரங்கத்துக்குள்ளிருந்து சரிவில் ஏறி என் வண்டியைத் தாண்டி வெளியே வெயில் வரைக்கும். வெள்ளைத் துணி ஒரு தோளிலிருந்து அடுத்த தோளுக்கு நகர்ந்து வந்தது. தினமும் மேஜையில் செய்கிற வேலையை நின்றுகொண்டு செய்தார்கள், அவ்வளவுதான். ஒருத்தி என்னைக் கடக்கும்போது, "பல்லைக் கடிச்சுக்கோ அம்மிணி, இதோ ஆச்சு" என்றாள். மேல் மூட்டைகள் தொளதொளத்து இறங்கின. மாடுகள் ஒரு இழுப்பு இழுத்தன. பாரவண்டி வெளியே வந்து ஓரமாக ஒதுங்கியது.

எங்கள் குதிரை உள்ளே இறங்கியபோது மேலே கூட்ஸ் வண்டி நகர ஆரம்பித்தது. இரும்பெல்லாம் ஒன்றாக அலறியது. சுடுதண்ணீர்த் துளி ஒன்று முதுகில் விழுந்ததும் குதிரை முன்கால்களைத் தூக்கிவிட்டது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். வண்டி குடை சாயப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

"புடிங்கடி, குருதைக்கு மேல புடிங்க!" என்றது அக்காவின் குரல்.

அந்தப் பெண்கள் கையிலிருந்த துணியோடு இரண்டு பக்கமும் ஓடி வந்தார்கள். குதிரை வண்டி பாரவண்டியைவிட ஒடுக்கம், பக்கத்தில் ஆள் நடக்க இடம் இருந்தது. மடிப்பு மடிப்பாக விரித்து, குதிரையின் கண்ணுக்கும் முதுகுக்கும் மேலே கல்யாணப் பந்தல் மாதிரி தூக்கிப் பிடித்தார்கள். குதிரை வண்டிக்காரர் கடிவாளத்தைப் பற்றி அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே நடத்தினார். பெண்களும் சேற்றில் கால் புதையப் புதையக் கூடவே நடந்தார்கள். எஞ்சின் தண்ணீர், கரி, எண்ணெய், பெட்டிகளிலிருந்து வந்த இன்னும் என்னென்னவோ, எல்லாம் அந்த வெள்ளைத் துணியில் விழுந்தது. அவர்கள் தலையிலும் விழுந்தது. ஒருத்திகூடத் துணியைக் கீழே விடவில்லை. தெற்கு வாயிலில் வெளிச்சம் வந்தபோதுதான் நான் மூச்சு விட்டேன். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது அலறல்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிய சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த உடனே அழுதது. நர்ஸ் வெளியே வந்து துணி கேட்டபோது அம்மா தன் முந்தானையைக் கிழித்துக் கொடுத்தாள். பழைய வேட்டிகளைத் தேட அவள் வீட்டுக்கு ஆள் அனுப்பவில்லை. குழந்தை அழுவதைக் கேட்ட பிறகும் அவளுக்குப் பயம் விடவில்லை.

நான் வீடு திரும்பி ஒரு வாரம் இருக்கும். பாரவண்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணி மடிப்பு. என்னை நேராகப் பார்க்காமல் அம்மாவிடம் நீட்டினார்.

"மொதலாளிகிட்டக் கேட்டுத்தானுங்க வாங்கியாந்தன். கொழந்தைக்கு."

"புதுத் துணி போட மாட்டமுங்க" என்றாள் அம்மா.

"புதுசு இல்லீங்க. அன்னைக்குப் பாலத்துக்கடியில நனைஞ்சதுங்க இது. பட்டறையில மறுக்கா மறுக்கா வெளுத்தாங்க. எம்பட ஊட்டுக்காரியும் தெனமும் தொவைச்சுக் காயப் போட்டா. கறை முச்சூடும் போகலீங்க."

அம்மா வாங்கி விரித்தாள். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். மெத்தென்றுதான் இருந்திருக்க வேண்டும். கறையின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வெகுநேரம் நின்றாள். நான் அந்த மனிதரிடம், "காப்பி குடிச்சுட்டுப் போங்கண்ணா" என்றேன். அவர் சிரித்தார். கோலைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

அவர் போனதும் அம்மா துணியைக் கொண்டு வந்து குழந்தையைச் சுற்றினாள். பிறகு உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க மாப்பிள்ளை, அந்தக் கொக்கிய எங்க வெச்சீங்க? எடுத்து அடிச்சு உடுங்க. தூளி கட்டோணும்."