அக்கா காத்திருந்த தெருமுனை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் "ஊரே கண்ணீர் வடித்தது" என்று எழுதச் சொன்னார்கள். நடக்காததை எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்கா பிள்ளைப்பாக்கத்தில் பிறந்தார். நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போன காலத்தில் நான் ஒரகடத்துக்கு ஷிப்ட் வேலைக்குப் போனேன். அவர் மருத்துவம் படித்தார். கல்யாணப் பத்திரிகைகளில் அவர் பெயரைப் பட்டத்தோடு போட்டுப் பெருமைப்பட்ட உறவினர்கள், காலரா, எபோலா என்று அவர் ஆப்பிரிக்காவுக்குப் போனதும் பிழைக்கத் தெரியாதவள் என்றார்கள். அங்கே கூடாரம்தான் ஆஸ்பத்திரி. பாதுகாப்பு உடைக்குள் ஒரு மணி நேரம் நின்றால் பூட்ஸில் வியர்வை தேங்கும் என்பார். மற்றபடி, குணமாகி வீட்டுக்குப் போன பிள்ளைகளைப் பற்றித்தான் போனில் பேசுவார்.

அப்பா இறந்த அன்று அக்கா காங்கோவிலிருந்து சென்னை வந்து நான்கு நாட்களாகியிருந்தன. அங்கேயே இருபத்தொரு நாள் தனித்திருந்து, நோய் இல்லை என்று சான்றிதழ் பெற்ற பிறகே விமானம் ஏறியிருந்தார். அந்தச் சான்றிதழை யாரும் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அவர் வீட்டுக்குள் வந்தால் பாடையைத் தொடமாட்டோம் என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். தெருமுனையில் ஆட்டோவிலிருந்து இறங்கியவரிடம், பத்தடி தள்ளி நின்று, அதைச் சொன்னவன் நான்.

"நாலு பேரு இல்லாம அப்பா எப்டிடா போவாரு? நான் இங்கயே இருக்கேன். தூக்கினு போறப்ப ஒருவாட்டி மூஞ்ச பாத்துக்கிறேன்" என்றார்.

வெயிலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். பாடை அந்தப் பக்கம் போகவில்லை. ஏரிக்கரை வழியாகத் திருப்பிக் கொண்டுபோனார்கள். மேளச் சத்தம் விலகிப் போனதைக் கேட்டுத்தான் அக்காவுக்கே தெரிந்தது. அடுத்த வாரம் காங்கோவுக்குத் திரும்பினார். அங்கே ஒரு கர்ப்பிணிக்குப் பிரசவம் பார்த்ததில் எபோலா தொற்றி இறந்தார். உடலைக் கொண்டுவர அனுமதி இல்லை.

பெற்ற பிள்ளைகள் போல நின்று அவரை அங்கே அடக்கம் செய்த செவிலியர்களுக்கு நன்றி. அன்று தெருமுனையில் அவருக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்த, கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒடிசாப் பெண்ணுக்கு நன்றி. மாலையோடு இன்று வந்திருக்கும் உறவினர்கள் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகவும்.

சித்தப்பாவுக்கு நன்றி சொன்னால் போதாது. பாடையைத் திருப்பச் சொன்னவர் அவர்தான் என்று குடும்பமே இன்றுவரை ஏசுகிறது. அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திருப்பச் சொன்னது நான். வீட்டில் கைக்குழந்தை இருந்தது, எனக்குப் பயம். அக்காவும் கடைசிவரை சித்தப்பா என்றே நம்பியிருந்தார். நான் திருத்தவில்லை.