பேராசிரியையின் ரீங்கார வேட்டை

வாயில் ரப்பர்க் குழாய் இருக்கும் வரை பேராசிரியை பேச மாட்டார். எல்லாம் புருவம்தான். ஒரு புருவம் உயர்ந்தால் கதவைச் சாத்து என்று பொருள். இரண்டும் உயர்ந்தால், நீயும் வெளியே போய்ச் சாத்து.

குழாயின் மறுமுனையில் ஒரு கண்ணாடி ஊசி. அதன் நுனி தலைமயிரைவிட மெல்லியது. தட்டில் உயிரோடிருக்கும் ஒரு செல்லை அந்த நுனியால் தொட்டு, தூங்கும் குழந்தையின் கையிலிருந்து பொம்மையை உருவுவது போல மெல்ல உறிஞ்ச வேண்டும். செல் வந்து ஊசியோடு ஒட்டிக்கொள்ளும். குழாயைக் கவ்வுவதற்கு முன்னால், "வாடி என் ராசாத்தி" என்று கொஞ்சல். ஒரு மூச்சு அதிகமாகிக் கிழிந்துவிட்டால், "போயிட்டா மகராசி" என்று ஒரு பெருமூச்சு. உடனே அடுத்த ராசாத்தி.

இதயத்தை ஆராய்பவர் என்று பெயர். உண்மையில், இதயச் செல்லின் சவ்வில் உப்புத் துகள்கள் போய்வரும் வாய்க்கால்களில் ஒன்றே ஒன்றைத்தான் ஆராய்கிறார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் பொட்டாசியத்தை வெளியே விட்டு இதயத்தை ஆசுவாசப்படுத்தும் வாய்க்கால் அது. அதோடு முப்பது வருடக் குடித்தனம். விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். "நான் வாசக்கதவை மட்டும் பாக்கிறவ. வீட்டுக்குள்ள என்ன கலாட்டான்னு டாக்டரைக் கேளுங்க" என்று நழுவிவிடுவார்.

போன மாதம் கலாட்டா, வாய்க்காலின் மின்சாரத்தை ஊசி வழியே கோடாக வரைந்து காட்டும் திரையிலேயே வந்தது. நேராக ஓட வேண்டிய கோட்டில் பொடிப்பொடியாய் அலை. வாய்க்காலில் ஓடுவது அத்தனை சன்னமான மின்சாரம். எங்கோ ஒரு மோட்டார் ரீங்கரித்தாலும் அது அமுங்கிப்போகும். நேரமும் சரியில்லை. ஒரு குடும்பத்தில் மூன்று பேர் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். மிஞ்சியிருக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் எந்த மருந்து ஒத்துக்கொள்ளும் என்று கேட்டு அவர்களுடைய மருத்துவர் காத்திருந்தார். அந்தக் குடும்பத்தின் பழுதான வாய்க்காலை ஏற்றி வளர்த்த செல்கள் தட்டில் இருந்தன. சாயங்காலம் தாண்டாது.

பேராசிரியை மின்விசிறியின் பிளக்கைப் பிடுங்கினார். குளிர்பெட்டியைப் பிடுங்கினார். விளக்கை அணைத்தார். கருவிகளுக்கெல்லாம் அலுமினியத் தாள் சுற்றினார். சாப்பாடு கொண்டுவந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வீட்டுல பொட்டலம் கட்ட ஒரு துண்டு தாள் இல்ல. இங்க கண்ணு கூசுது!"

"உங்க போனைக் குடுங்க."

போனும் அணைந்தது; அலை அடங்கவில்லை. கடைசியில் மேசை அடியிலிருந்து ஒரு பேட்டரி ரேடியோவை எடுத்தார். மோட்டார் பக்கத்தில் போனால் அது கரகரக்கும். அதைச் சுவரில் வைத்தபடியே நடந்தார். மாடிப்படியில் கரகரத்தது, மேல்தளத்தில் கத்தியது, ஆராய்ச்சி நிலைய இயக்குநரின் அறை வாசலில் ஊளையிட்டது.

இயக்குநர் அவருடைய முதல் மாணவன். கூட்டங்களில் பேராசிரியைக்கு அவர் "சார்". தனியே அகப்பட்டால் "டேய்".

"வாங்க மேடம்" என்றார் இயக்குநர். எழுந்திருக்கவில்லை. மடியில் ஒரு சால்வை, மேசைக்குக் கீழே வரை.

"என்னைப் பாத்தா எழுந்துக்குவியே? என்ன ஆச்சு?"

"அது... காலு மாட்டிட்டிருக்கு மேடம்."

சால்வையை விலக்கினால், முழங்கால் வரை இரண்டு கால்களையும் விழுங்கிக்கொண்டு ஒரு மசாஜ் மிஷின்.

"முட்டி வலி மேடம். வீட்டுல வாங்கிக் குடுத்தாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க..."

"டேய்! உன் முட்டிக்கு சொகம், என் வாய்க்காலுக்கு சமாதியா? கீழ அந்தக் குடும்பத்தோட செல்லு செத்துட்டிருக்குடா!"

இயக்குநரின் முகம் மாறியது. மூன்று மரணங்களின் கதை அவருக்கும் தெரியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, செருப்பைக்கூடத் தேடாமல் பின்னாலேயே நொண்டி நொண்டி இறங்கினார்.

திரையில் கோடு அலையே இல்லாமல், துடைத்துவிட்டாற்போல் நேராக ஓடியது. முதல் ராசாத்தி கிழிந்தாள். இரண்டாமவள் ஒட்டிக்கொண்டாள். முதல் மருந்தை விட்டார், அசைவில்லை. இரண்டாவதை விட்டார். அதுவரை சாத்தியே கிடந்த வாய்க்கால் திறந்து, கோடு சட்டென்று ஒரு படி ஏறி நின்றது. மறுபடி ஏறியது.

"மேடம், திறக்குது மேடம்!" என்று கிசுகிசுத்தார் இயக்குநர், ஒரு கையால் சுவரையும் மறு கையால் முழங்காலையும் பிடித்துக்கொண்டு.

பேராசிரியை எழுந்து நின்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அந்த அறையில் இருந்த ஒரே முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டார்.