இடது கையின் கணக்கு

சலூன்காரருக்கு நெஞ்சுக்குள் பெருநாடி வீங்கியிருந்தது. நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, துணி போர்த்திய கம்பிவலையை நாடிக்குள் விரித்து வைத்தார்கள்.

"உள்ளுக்குப் புதுச் சட்டை போட்டாச்சு. வெளியேதான் பழசு" என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சோதிப்பது அவள் வேலை. அழுத்தம் ஏறினால் வலை தாங்கும், அதை ஒட்டிய பழைய சுவர் தாங்காது என்பது அவளுக்குத் தெரியும். மருத்துவரும் அதையேதான் சொன்னார். ரத்த அழுத்தம் அடங்கும்வரை கடை திறக்கக் கூடாது.

சலூன்காரருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. பிழைப்பெல்லாம் நாற்காலிக்குப் பின்னால் நின்றே கழிந்தது. தெருவில் யாராவது நலம் விசாரித்தால் திருதிருவென்று விழிப்பார். அவர்கள் திரும்பி நடந்ததும் பிடரியைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இப்போது பொழுது போகாமல் தொட்டிச் செடிகளையெல்லாம் ஒட்ட வெட்டிவிட்டார்.

"பூனை தப்பிச்சுது" என்றாள் மனைவி.

மாலையானால் அவள் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கொண்டுவருவாள். அவர் இடது கையை நீட்டுவார்.

"வலது கை சோறு போடுற கை. அதை நெரிக்காதே."

எண்கள் நன்றாக இருந்தன. மகளுக்கு நம்பிக்கை வரவில்லை. கருவியைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய் மூல அழுத்தமானியோடு ஒப்பிட்டாள். மயிரிழைகூடப் பிசகவில்லை.

"மெஷின் சரியா இருக்குப்பா."

"என்னையும் எடுத்துட்டுப் போய் சோதிச்சுப் பாரேன். நானும் சரியாத்தான் இருப்பேன்."

அன்றைக்கு அவளும் சிரித்தாள். எண்களை மருத்துவமனைக்குப் போனில் சொன்னாள். கடை திறக்க அனுமதி கிடைத்தது.

கடை திறந்த வாரமே அவர் கத்தரியோடு சரிந்து விழுந்தார். நாற்காலியில் இருந்த வாடிக்கையாளர்தான் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் வெட்டிய தலையோடு, கழுத்தில் துண்டோடு, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றார். யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வலை முடிகிற இடத்தில் நாடிச் சுவர் கிழிந்திருந்தது. அறுவை மேசைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மருத்துவர் மகளை அறைக்குள் கூப்பிட்டார்.

"அழுத்தம் எந்தக் கையில பார்த்தீங்க?"

"இடது கையிலங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வலை பிடிமானமா நிக்கணும்னு இடது கைக்குப் போற ரத்தக் குழாயோட வாயையும் சேர்த்து மூட வேண்டியிருந்தது. சுத்து வழியா ரத்தம் போயிடும், கைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அந்தக் கையில எப்பவுமே கம்மியாத்தான் காட்டும். வலது கையில மட்டும் பாருங்கன்னு அவர்கிட்ட சொல்லித்தான் அனுப்பினேன்."

"நான் அப்ப காரெடுக்கப் போயிருந்தேன்."

"எந்தக் கையில கம்மியா காட்டும்னு ரெண்டாவது தடவையும் கேட்டாரு. சரியா புரிஞ்சுக்கத்தான் கேக்குறாருன்னு நினைச்சேன்."

வீட்டில் அம்மா கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பட்டையைத் தளர்வா கட்டிட்டேனா?"

"இல்லம்மா. சரியாத்தான் கட்டினே."

"மெஷினு?"

"அதுவும் சரிதான்."

"டாக்டர் என்னதான் சொன்னாரு?"

தப்பான மானிக்கு மகள் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

"காரணம் தெரியலேன்னுட்டாரும்மா."

அம்மா அதை ஏற்றுக்கொண்டாள். பட்டையைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"அந்தக் கை மட்டும் சில்லுன்னே இருக்கும், கட்டுறப்பல்லாம். உங்கிட்ட கேக்கணும்னு நினைச்சேன். எண்ணு நல்லா வந்துச்சா, விட்டுட்டேன்."