சும்மா இருக்க ஒரு மானியம்

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் தன் கணவரை உட்கார்ந்து பார்த்தது சாப்பாட்டு மேசையில் மட்டும்தான். அங்கேயும் நாற்காலி நுனியில்தான் உட்காருவார். ஊரில் எல்லாரும் அவரை எறும்பு என்றே கூப்பிட்டார்கள். முதுகில் வட்டு விலகியபோது டாக்டர் இரண்டே கட்டளை போட்டார்: டிராக்டரில் ஏறக்கூடாது, குனியக்கூடாது. எறும்பு சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு, மறுநாள் விடிந்ததும் டிராக்டர் சாவியைத் தேடியது. சாவியை அவள் மாவு டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தாள்.

குனியாதீங்க என்று கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் கைகொடுத்தது அரசாங்கம்தான். களைத்துப்போன மண்ணுக்கு ஓய்வு கொடுக்க ஒரு திட்டம் வந்திருந்தது. ஐந்து வருஷம் உழாமல் விதைக்காமல் நிலத்தைப் புல் மூட விட்டால், வருஷாவருஷம் மானியம். வேளாண் அலுவலகத்துக்குப் போய்ப் பதினொரு பக்கப் படிவத்தையும் அவளே நிரப்பினாள். ஓய்வு மண்ணுக்கு என்று அரசாங்கம் நினைத்துக்கொள்ளட்டும். யாருக்கென்று அவளுக்குத் தெரியும்.

"சும்மா இருக்கறதுக்குக் காசா? வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். கையெழுத்தப் போடுங்க."

போட்டார். மானியம் வருகிற வரைக்கும்தான் மனுஷன் அடங்கி இருப்பார், நின்றால் மறுநாளே டிராக்டரில் ஏறிவிடுவார் என்பது அவளுக்கு நிச்சயம். முதல் வருஷம் ஜன்னலோரமாக நின்று பெருமூச்சு விட்டார். இரண்டாம் வருஷம், காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று தினமும் கிளம்பினார். முகத்தில் ஒரு தெளிவுகூட வந்தது. அப்பாடா, பழகிவிட்டார் என்று அவள் நிம்மதியாக இருந்தாள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பதை எப்படித்தான் மறந்தாளோ!

அந்த வருஷ ஆய்வுக்கு ஓர் இளம் பெண் அதிகாரி வந்தாள். இடுப்பளவுப் புல்லை விலக்கிக்கொண்டு மூன்று பேரும் நடந்தார்கள். நடு வயலில் அதிகாரி சட்டென்று நின்றாள். புல்லுக்கு நடுவே, நாற்பது தப்படி நீளத்துக்கு ஒரே வரிசையாகப் பீன்ஸ் செடிகள். காய்த்துக் குலுங்கின. வீட்டுக்காரி கணவரைத் திரும்பி முறைத்தாள்.

அதிகாரி நல்ல மனசுக்காரி. "பழைய விதை ஏதாவது தானா முளைச்சிருக்குமோ?" என்று அவளே வழி காட்டினாள்.

"ஆமாம்மா, பறவை ஏதாவது போட்டிருக்கும்" என்று வீட்டுக்காரி உடனே பிடித்துக்கொண்டாள்.

எறும்புக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பறவை போட்டதா? நல்லாப் பாரும்மா. சாணுக்கு ஒரு செடி. எங்கயாவது ஒரு கோணல் இருக்கா? நான் போட்டது!"

தவளை தன் வாயால் கெட்டது. வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஐயா, மறைச்சிருந்தீங்கன்னா மொத்த மானியமும் ரத்தாகியிருக்கும். நான் அறிக்கை எழுதறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டதால, இந்த ஒரு வரிசைக்கு மட்டும் கழிச்சுக்குவோம். ஆனா ஒரு வாரத்துல எல்லாத்தையும் பிடுங்கிடணும்."

வீட்டுக்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதிகாரி கிளம்பிப் போனதும் கோபமும் வந்தது.

"ஏங்க, முதுகு என்னத்துக்கு ஆகறது? இத்தனை விதையும் குனிஞ்சுதானே போட்டிருப்பீங்க?"

"யாரு குனிஞ்சா?" என்று அவர் புல்லை விலக்கிக் காட்டினார். செடிகளை ஒட்டி மண்ணில் மும்மூன்றாகக் குழிகள், வரிசையின் கடைசி வரைக்கும். மாட்டுக் கொட்டகை முக்காலியின் கால் தடம். "உக்காந்துக்கிட்டே ஒரு குழாய் வழியா ஒரு விதை. அப்புறம் முக்காலிய நகத்தி இன்னொண்ணு. குனியக்கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"இதுக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"பன்னெண்டு நாள்."

முன்பெல்லாம் அரை மணி நேரத்தில் முடிக்கிற வேலை. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் அவள் பேச்சைக் கேட்டதே இல்லை என்றுதான் நினைத்திருந்தாள். கண் கலங்கியது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

ஒரு வரிசையைப் பிடுங்க பழைய எறும்புக்கு ஒரு நாள்கூட வேண்டாம். ஆனால் சாயங்காலம் அவளே கொட்டகையிலிருந்து இரண்டாவது முக்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். கொடுத்த கெடு ஒரு வாரத்தையும் முழுசாக எடுத்துக்கொண்டு, அருகருகே உட்கார்ந்து, ஒவ்வொரு செடியாகப் பிடுங்கினார்கள்.