கறுப்பாக்கும் இலை

சுகாதாரத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், யாராவது வெளிறிய முகத்தோடு எதிரே வந்தால் கீழ் இமையை இழுத்துப் பார்க்கக் கை பரபரக்கிறது. கொக்கிப்புழு வெறுங்கால் வழியாக ஏறும்; குடலைப் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கும். முதலில் அதை வெளியேற்று, பிறகு இரத்தத்தைக் கூட்டு. இதை ஊர் ஊராகப் போய்ச் சொன்னவள் நான். எங்கள் வீட்டில் சொல்லத்தான் முடியவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது.

அத்தை, அப்பாவின் தங்கை, இலத்தூரில் எங்கள் வயலிலேயே வளர்ந்தவள். விளைகிற மண்ணில் செருப்போடு இறங்குவது எங்கள் வீட்டில் பாவம். புழுக்களுக்கு அந்தப் பக்தி வசதியாக இருந்தது. அந்த வருடம் அத்தை வெளுத்தாள். நிறம் வந்துவிட்டது என்று ஊரே மெச்சியது. ஆலங்குளத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காபி ஆறுவதற்குள் சம்மதம் சொன்னார்கள்.

பூ வைத்துப் போன மறுவாரம் அத்தை தண்ணீர்க் குடத்தோடு வாசலில் சரிந்தாள். குற்றாலத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, வந்து இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றில் பூச்சி என்றார். குப்பைமேனிச் சாறு கொடுத்தார். அதன் பிறகு தினமும் காலையில் மோரில் கலந்த கரிசலாங்கண்ணிச் சாறு. எது எவ்வளவு வேலை செய்தது என்று இன்று கேட்டால், பரிசோதனை முடிவு இல்லாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் அத்தை எழுந்தாள். மூச்சிரைக்காமல் என்னைத் துரத்திப் பிடித்தாள். கூடவே அவளுடைய சொந்த மாநிறமும் திரும்பியது.

பெரியம்மாவுக்கு, அப்பாவின் அண்ணன் மனைவிக்கு, திக்கென்றது.

"தலமுடியக் கறுப்பாக்குத எல, ஒடம்பக் கறுப்பாக்காதா? வெள்ளப் பொண்ணுன்னுல்லா அவுக கேட்டு வந்திருக்காவ."

"அது கறுப்பு இல்லக்கா, ரத்தம்" என்றார் மாமா. "பூச்சி இன்னும் மிச்சம் கெடக்கு. நிறுத்தக் கூடாது."

"கல்யாணம் முடியட்டும் தம்பி. பொறவு கொடம் கொடமாக் குடிக்கட்டும்."

"இப்பத்தான் மயினி நடக்க முடியுது" என்று அத்தை மெல்லச் சொன்னாள். மறுநாள் மோர் சாறில்லாமல் சோற்றுக்குப் போயிற்று.

மணவறையில் அத்தை மறுபடியும் வெள்ளையாக இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் அத்தனை திருப்தி. முதல் பிரசவத்தில், இருந்த கொஞ்சம் இரத்தமும் போய், அத்தை செத்துப்போனாள். எல்லோரையும்விட அதிகமாக அழுதது பெரியம்மாதான். மாமா அதன் பிறகு எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.

கல்யாணத்தன்று அத்தையின் கையோடு என் கையைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். அந்த வெள்ளையில் மருதாணி எவ்வளவு சிவப்பாகத் தெரிந்தது! எனக்கும் இதே நிறத்தைக் கொடு என்று வேண்டிக்கொண்டு, அன்று சாயங்காலமே கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றி வந்தேன்.