உப்புத் தடவிய கன்று

ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆள் குறைத்த வருஷம், வடிவம்மாள் மரம் சீவும் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆயர் ஈத்தாமில் ஒரு சீனரின் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தாள். மாடு வைத்துப் பிழைப்பதென்று முடிவு. பசார் முனைக் காப்பிக்கடைக்காரர் பாலை அவளிடமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பால் வராவிட்டால் தகர டப்பாப் பாலையே வாங்கிக்கொள்வேன் என்றும் சொல்லியிருந்தார். கணவன் பிச்சைமுத்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். மாட்டைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது, அதற்கு நான்கு கால் என்பது.

கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் மாட்டுக்கொட்டகை வைத்திருந்த திருநாவுக்கரசு முதலில் ஒரு வெள்ளைப் பசுவைக் காட்டினார். கன்று முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. வடிவம்மாள் மடிப்பக்கம் போகவே இல்லை. முதுகு மயிரை விரலால் கோதிச் சுழி பார்த்தாள். வாலுக்கு மேலே துடைப்பச் சுழி. வாங்கியவன் வீட்டைக் கூட்டித் தள்ளிவிடும். வேண்டாம் என்றாள். அவர் கோபித்துக்கொள்ளாமல் மறுநாள் வரச் சொன்னார்.

மறுநாள் ஒரு செவலைப் பசு நின்றது. திமிலுக்கு முன்னால் அதிர்ஷ்டம் தரும் ராஜசுழி. அருகில் நின்ற வெள்ளைக் கன்றை அது விடாமல் நக்கியது. கன்றுக்குத் தகப்பன் நிறம் என்றார் திருநாவுக்கரசு. முந்தின நாள் கன்றை அவள் ஏறிட்டுப் பார்த்திருந்தால்தானே? இரண்டையும் தொங்காங் படகில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாள்.

அன்று மாலை செம்பு நிறையக் கறந்தது. மறுநாள் காலை செம்பின் அடிதான் நனைந்தது. விற்பதற்கு முன் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்க வைத்திருக்கிறான் அந்தத் திருநாவுக்கரசு. சாணி ஒட்டியிருந்த கன்றைக் கழுவினாள். உதட்டில் தெறித்த தண்ணீர் உப்புக் கரித்தது. உப்புப் போன கன்று மடியைத் தேடிப் போனபோது, தன் கன்றில்லை என்று செவலை எட்டி உதைத்தது.

"சுழிதான் நல்லா இருக்குல்ல, வடிவு" என்றான் பிச்சைமுத்து.

அவள் இரண்டையும் அவிழ்த்து, அவனையும் கூட்டிக்கொண்டு மறுபடி பட்டர்வொர்த்துக்குப் போனாள்.

கொட்டகையில் வேறு இரண்டு பேர் மாடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் மாறினால் பால் குறையும் என்று அவர்களுக்கும் கேட்கும்படி விளக்கினார் திருநாவுக்கரசு.

"சுழி பாத்து எடுத்தது நீதானம்மா. மடியப் பாக்காதேன்னு நானா சொன்னேன்?"

அது உண்மை. அதுதான் அவளுக்குக் கோபத்தைத் தலைக்கேற்றியது. கன்றின் கயிற்றை விட்டாள். கன்று நேரே கொட்டகையின் கோடிக்கு ஓடியது. அங்கே வெள்ளைப் பசு கத்திக்கொண்டு கயிற்றை இழுத்தது.

"ஏய்யா, பெரியம்மா வீட்டுக்கா போகுது?" என்றாள் வடிவம்மாள்.

வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். திருநாவுக்கரசு குரலைத் தாழ்த்தி, அந்தச் சுழி மாடு வேண்டாமென்று அவள்தானே சொன்னாள் என்றார்.

"இப்ப வேணும்கிறேன். ஆள் விட்டுக் கறக்காத, நானே கறந்துக்கிறேன்."

குந்தி உட்கார்ந்து கறந்தாள். செம்பு நிறைந்து நுரை வழிந்தது. கறக்கும்போதும் ஏசினாள், அவரை, புருஷனை, மயிரைக் கோதிய தன் விரல்களை. வந்த இருவரும் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செவலைக்குப் பதிலாக வெள்ளைப் பசுவைக் கன்றோடு ஓட்டிப் போகச் சொல்லிவிட்டுத் திருநாவுக்கரசு உள்ளே போனார். செவலைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான் அவருடைய ஆள். நாளைக்கே அதன் பக்கத்தில் வேறொரு கன்று நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

படகுத்துறையில் மாடு வாங்க வந்தவர்போல் யார் தென்பட்டாலும் மறித்தாள்.

"கன்னுக்குட்டியக் கழுவிப் பாத்து வாங்குங்கண்ணே."

தொங்காங்காரன் இரண்டு தரம் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. பிச்சைமுத்து கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.