தம்பிக்குக் கிடைத்த குடும்பப் பெயர்

என் தம்பி மேல் எனக்குப் பொறாமை. அறுபதைத் தாண்டிய பிறகு அதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? சொத்துப்பத்து காரணமில்லை, எங்கள் குடும்பப் பெயர்தான் காரணம். கத்தோலிக்கர்களான எங்களுக்கு அப்பா வழியாக வந்த அந்தப் பெயர் சிங்களவர்களிடமும் உண்டு. எண்பத்து மூன்றில் தமிழர்களைத் தேடித் தேடி அடித்த கலவரத்தில் கண்டி டவுனில் ஒரு கும்பல் அப்பாவையும் தம்பியையும் மறித்து அடையாள அட்டையைக் கேட்டது. பெயரைப் பார்த்துச் சிங்களவர் என்று நினைத்துப் போகச் சொன்னார்கள். அதே நேரம் நான் குண்டசாலையில், பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவின் விறகு அறையில், கைக்குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். கல்யாணத்தோடு என் பெயருக்குப் பின்னால் கணவரின் சுத்தத் தமிழ்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா ஆரம்பித்துவிடுவார். "எங்க பேருதாங்க எங்களக் காப்பாத்துச்சு. பேர் சொல்ல ஒரு பிள்ளையும் இருக்கான்." வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பது நான். பேர் சொல்லும் பிள்ளை மறு வருடமே கனடாவுக்குப் போய்விட்டான். அப்பா படுக்கையில் விழுந்தபோது குளிப்பாட்டிச் சோறூட்டியது இந்தப் பேரில்லாதவள்.

அப்பா இறந்து சில வருடங்கள் கழித்து, போர் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது, தம்பி போன் செய்தான். கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்பி டி.என்.ஏ. பரிசோதனை செய்தானாம். எங்கள் பெயருள்ள வேறு எவரோடும் அது பொருந்தவில்லையாம்.

"நானும் செஞ்சு பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"இது அப்பன், மகன்னு ஆம்பளைங்க வழியாப் போறது, அக்கா. பொம்பளைங்க செஞ்சாத் தெரியாது. நீங்க கெலிஓயாப் பக்கம் அந்தப் பழைய மாதா கோயில்ல, அப்பாவோட தாத்தா ஞானஸ்நானப் பதிவு இருக்கான்னு பாருங்க. என்ன எழுதியிருந்தாலும் எழுதிட்டு வாங்க."

விஞ்ஞானமும் அவன் கட்சி. பரிசோதனை அவனுக்கு, பஸ் பயணம் எனக்கு.

ஆனாலும் போனேன். பொருந்தவில்லை என்று அவன் சொன்னது காதில் தேனாகப் பாய்ந்திருந்தது; அப்பா பீற்றிய பெயர் பரம்பரையாக வந்ததே இல்லை போலும். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கி, வழக்கம்போல என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கோயிலில் ஃபாதர் பழைய பதிவேட்டை எடுத்து, வரி வரியாக விரல் வைத்துத் தேடிக் கொடுத்தார். அப்பாவின் தாத்தா வளர்ந்த ஆளாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார். அன்றைக்குத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவரோடு இன்னும் மூன்று பேர். நாலு பேருக்கும் எங்கள் குடும்பப் பெயர். ஞானஸ்நானத்துக்குப் பொறுப்பாக நின்ற ஞானத்தகப்பனுக்கும் அதே பெயர்.

"அந்தக் காலத்துல அப்பிடித்தாம்மா," என்றார் ஃபாதர். "குடும்பப் பேரு இல்லாதவங்களுக்கு ஞானத்தகப்பன் பேரையே குடுத்துருவாங்க. இந்த ஞானத்தகப்பன் நீர்கொழும்புப் பக்கத்திலேருந்து வேதம் சொல்லிக்குடுக்க வந்த சிங்கள உபதேசியாரு."

என் வயிறு குளிர்ந்தது. இத்தனை வருடம் நான் கேட்டுக் கேட்டு வெந்தது இரவல் பெருமை! ஃபாதருக்கு நன்றி சொன்னேனோ இல்லையோ, சந்தியிலிருந்த டெலிபோன் கடைக்கு ஓடிப்போய்த் தம்பியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவன் பதறவே இல்லை. "அது எனக்குத் தெரியும்க்கா. கலவரத்தன்னிக்குத் தப்பி நடந்து வரும்போதே அப்பா சொன்னாரு, இது நம்ம பேரு இல்லடா, குடுத்த பேருன்னு. அதுக்கு முந்தி என்ன பேருன்னு அவருக்கே தெரியல. அதைத்தான் தேடுறேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அவ வேற வீட்டுப் பேருக்குப் போனவ, அவளுக்கு எதுக்குன்னாரு. சரி, பழைய பேரு போட்டிருக்கா?"

பெருமையை ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர் உண்மையை அவனுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார். சாகும்வரை பக்கத்தில் இருந்த எனக்குச் சொல்லவில்லை. சந்தோஷத்தில் நானும் அந்தப் பழைய பெயரைப் பார்க்காமலே வந்திருந்தேன்.

"பாத்துட்டுச் சொல்றேன்," என்று வைத்துவிட்டுத் திரும்பப் போனேன். ஃபாதர் சலித்துக்கொள்ளாமல் மறுபடியும் திறந்து காட்டினார். ஓரத்தில் பொடி எழுத்தில் அது இருந்தது. வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

பிறகு தம்பியை அழைத்தேன். "மை அழிஞ்சு போச்சு தம்பி. ஒன்னும் தெரியல."

அவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். நான் இன்னும் சொல்லவில்லை.